பொறுப்பாளர் கட்டம் காலி

தான் எழுதிய நிரல் தப்பாக இருக்க வேண்டும் என்று ஹெப்சிபா மனசார வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு புதன்கிழமைதான். பதினாறு வருஷமாக ஜாவா எழுதுகிறவள். பிழை என்று யாராவது வாயைத் திறந்தால் ஆதாரத்தை அள்ளிக்கொண்டு சண்டைக்குப் போகிற ரகம். அன்றைக்கு மட்டும், கர்த்தாவே, எங்கேயாவது ஒரு கமா விட்டிருக்கக் கூடாதா என்று தன் வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒன்றும் விடவில்லை.

காலை பத்து மணிக்கு அந்த நிரல் நடப்புக்கு வந்தது. பத்தரைக்குள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பட்டியல் விழுந்தது. நேற்று வரை உயிரோடிருந்த பதினோராயிரத்து நானூற்றாறு பேரை, புது நிரல் இறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தொடர்குரல் திட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபது தாண்டியவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். அது நாடியையும் பார்க்கும், பேச்சையும் கேட்கும். ஆறு மாதம் கேட்டால் போதும். அவர் எதற்குக் கோபப்படுவார், எந்த இடத்தில் இருமுவார் என்பது வரை கற்றுக்கொண்டுவிடும். நாடி நின்ற நிமிஷத்திலிருந்து அவருடைய போன் அந்தக் குரலின் கைக்குப் போய்விடும். பிள்ளைகள் கூப்பிட்டால் பேசும், தானாகவும் கூப்பிடும். ஆனால் தான் வெறும் குரல் என்பது அதற்குத் தெரியாது. ஆரம்பத்தில் தெரியும்படிதான் செய்தார்களாம். அழ ஆரம்பித்துவிட்டதால் அதை எடுத்துவிட்டார்கள். கேட்கிறவர்களாவது ஏமாறக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்: குரல் கூப்பிட்டால், போன் திரையில் பெயருக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்று எரிய வேண்டும்.

அந்த விளக்குதான் அன்று கண்ட இடத்தில் எல்லாம் எரிந்தது.

"ஹெப்சிபா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் திட்ட இயக்குநர் குமுதவல்லி. எல்லோரையும் "என்னம்மா" என்று வாஞ்சையாகக் கூப்பிடுகிற மனுஷி. இன்றைக்கு முழுப் பெயரும் வந்தது.

"பேரை மட்டும்தான் மேடம் மாத்தினேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி என்எஸ்-1, என்எஸ்-2ன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சில்ல, அதுக்குப் பதிலா 'உயிர்', 'குரல்'னு வர வச்சேன். போன் கம்பெனிதானே கேட்டாங்க, படிச்சா புரியற மாதிரி பேர் வைங்கன்னு. உள்ள இருக்கற விவரத்துல ஒரு எழுத்தைக்கூடத் தொடலை."

"பேரை மாத்தினதுக்குப் பதினோராயிரம் பேர் எப்படிமா சாவாங்க?"

நாற்பது வரி வேலை அது. மூன்று நாளில் முடித்துவிட்டு, இதற்குப் போய் எனக்குச் சம்பளமா என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சிரித்துக்கொண்டிருந்தவள்.

"மந்திரி ஆபீஸ்ல ரெண்டு மணிக்குள்ள பதில் கேக்கறாங்க. பழையதைத் திரும்பப் போட்டுடுங்க. டெக்னிக்கல் கோளாறுன்னு ஒரு அறிக்கை விட்டுடலாம். உங்க ரேகை வச்சாப் போதும்."

எழுதியவர் விரல் ரேகை வைத்தால்தான் பழைய நிரலுக்குத் திரும்ப முடியும் என்பது துறையின் விதி. ரேகை வைக்கிற கருவி அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"பத்து நிமிஷம் குடுங்க மேடம். எங்க தப்புன்னு கண்டுபிடிச்சுடறேன்," என்றாள். தப்பு போன் கம்பெனியுடையதாகத்தான் இருக்கும் என்று அப்போதும் உள்ளூர ஒரு கெத்து.

அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள், சமாளிக்க முடியாத ஒரு ஆளை அவள் மேஜை போனுக்குத் தள்ளிவிட்டார்கள். ஓசூரிலிருந்து செங்குட்டுவன் என்பவர். குமுதவல்லியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா நேத்து சாயங்காலம்கூட எங்கிட்ட பேசுனாங்க. உயிரோட இருக்கற பொம்பளைக்கு விளக்கு ஏத்தி வச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா?"

"மன்னிச்சுக்குங்க சார். எங்க தப்பாத்தான் இருக்கும்," என்றாள் ஹெப்சிபா. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அம்மாவைக் கடைசியா நேர்ல எப்பப் பார்த்தீங்க?"

அந்தப் பக்கம் கத்தல் நின்றது. "பொங்கலுக்கு," என்றார். மார்ச் மாதம் முடியப் போகிறது. "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா ஒரு உறுதிக்குத்தான். பக்கத்துல யாரையாவது வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரச் சொல்ல முடியுமா?"

"பாத்துட்டுக் கூப்புடறேன். அப்பறம் இருக்குது உங்களுக்கு," என்று வைத்துவிட்டார்.

ஹெப்சிபா அந்த அம்மாவின் ஆவணத்தை எடுத்தாள். நேற்றைய வடிவத்தை இடப்பக்கம் வைத்தாள், இன்றையதை வலப்பக்கம். நேற்று என்எஸ்-1 இருந்த இடத்தில் எல்லாம் இன்று 'குரல்' என்று இருந்தது. என்எஸ்-1 என்றால் உயிர், என்எஸ்-2 என்றால் குரல். அலுவலகத்தில் டீ கொண்டு வருகிறவருக்குக்கூட இது தெரியும். அப்படியானால் தன் நிரல்தான் மாற்றிப் போட்டிருக்கிறது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குள் கண் மேலே போனது. ஆவணத்தின் தலைப்பில், எந்த வரி எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் நேம்ஸ்பேஸின் முழு முகவரி இருந்தது. அது நேற்றும் இன்றும் ஒன்றுதான். குரலுக்கு உரிய முகவரி.

இன்னொரு ஆவணம் எடுத்தாள். இன்னொன்று. ஒன்பதாவதை எடுத்துவிட்டு நிறுத்தினாள்.

"என்னம்மா?" என்றார் குமுதவல்லி.

"மேடம், இந்த என்எஸ்-1, என்எஸ்-2 இருக்கே, அதுக்கு அர்த்தமே கிடையாது. ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. ஆவணத்துல எது முதல்ல வருதோ அதுக்கு ஒண்ணு, அடுத்தது வந்தா ரெண்டு. மெஷின் தானா குடுக்கற நம்பர். நிஜமான அடையாளம் மேல இருக்கற முகவரிதான்."

"சரி."

"உயிரோட இருக்கறவங்க ஆவணத்துல உயிர் மட்டும்தான் இருக்கும். அதுக்கு டோக்கன் ஒண்ணு. இறந்தவங்க ஆவணத்துல முதல்ல பொறுப்பாளர் வருவாங்க. மகனோ மகளோ, உயிரோட இருக்கற ஆள். அவங்களுக்கு ஒண்ணு. அடுத்து குரல், அதுக்கு ரெண்டு. அதனால போன் கம்பெனிக்காரங்க ரெண்டாம் நம்பரைப் பார்த்தா விளக்குப் போடுன்னு எழுதி வச்சுட்டாங்க. முகவரியை யாரும் பார்க்கலை."

"அதுல என்ன தப்பு? இத்தனை வருஷம் சரியாத்தானே எரிஞ்சது?"

"பொறுப்பாளர் கட்டம் காலியா இருந்தா?"

குமுதவல்லி திரையை நோக்கிக் குனிந்தார்.

"காலியா இருந்தா அந்தப் பகுதியையே மெஷின் எழுதாது மேடம். குரல் முதல் ஆளா வந்துடும். டோக்கன் ஒண்ணு. போனைப் பொறுத்தவரைக்கும் அவர் உயிரோட இருக்கறவர்." ஹெப்சிபா திரையில் முகவரி இருந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "நான் முகவரியைப் பார்த்துப் பேர் வச்சேன். அதான் இன்னைக்குத் தெரியுது. என் நிரல் யாரையும் சாகடிக்கலை. இவங்க எல்லாரும் ஏற்கெனவே..."

மேஜை போன் அடித்தது. செங்குட்டுவன். முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அடிக்க வருவதுபோல் பேசிய ஆளின் குரலில் இப்போது கோபமே இல்லை.

"மேடம், கதவு உள்தாப்பா போட்டிருந்துச்சாம். ஒடச்சுட்டாங்க மேடம். ரொம்ப நாளாச்சுங்கறாங்க." வைக்கப் போனவர் மறுபடி கேட்டார். "அப்ப நேத்து எங்கிட்ட பேசுனது யாரு மேடம்?"

அவராகத்தான் வைத்தார். குமுதவல்லி கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி உருண்டு போனது, எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

"நாடி நின்னா தகவல் போகும்ல?" என்றார் கடைசியில். "பட்டையிலேர்ந்து உடனே தகவல் போகணுமே?"

"பொறுப்பாளருக்குத்தான் போகும் மேடம். கட்டம் காலின்னா அனுப்ப ஆள் இல்லை. தகவல் எல்லாம் சர்வர்ல வரிசையில நிக்குது. பேர் வந்தா அனுப்பலாம்னு காத்துக்கிட்டு இருக்கு."

"வெளிநாட்டுலேர்ந்து வாங்கின மென்பொருள்மா இது. அங்க ஏழு வருஷம் ஓடியிருக்கு. ஒரு புகார்கூட வரலை."

"அங்க ஒருத்தர்கூடக் கட்டத்தைக் காலியா விட்டிருக்க மாட்டாங்க. இங்க?"

இங்கே யார் போடுவார்கள்? 'மேற்படியார் இறந்தபின் அவர் குரலுக்கு நானே பொறுப்பு' என்று அச்சடித்த வரிக்குக் கீழே, பெற்றவர் கல்லுக்குண்டாக எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை கையெழுத்துப் போடும்? அபசகுனம். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும் இதில் மட்டும் நாம் ஒரே சாதி. நல்ல நாளும் அதுவுமாக இது எதுக்கு, அப்புறம் பார்த்துக்கலாம், வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று நகர்த்தி வைத்துவிடுவோம். கட்டாயம் என்று போட்டால் ஒருவரும் திட்டத்தில் சேரமாட்டார்கள் என்று பயந்து, துறையும் அந்தக் கட்டத்தை விருப்பப்பட்டால் நிரப்பலாம் என்று ஆக்கிவிட்டது.

வாயில நல்ல வார்த்தையே வராதாப்பா?

அது ஹெப்சிபா சொன்ன வார்த்தைதான். எட்டு மாதத்துக்கு முன்னால். தூத்துக்குடியில் தனியாக இருக்கிற அப்பா, துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய டேவிட் ஞானதிரவியம், படிவத்தை அனுப்பிவிட்டு, "கீழ ஒரு கட்டம் இருக்கு பாரு, அதுல கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்றபோது. அந்தக் கட்டம் காலியாகவே அப்பா திட்டத்தில் சேர்ந்து பட்டையும் கட்டிக்கொண்டார்; அவர் அனுப்பிய படிவம் இன்னும் அவளுடைய மெயிலில் கிடந்தது.

அப்பா நேற்றுக்கூடப் பேசினாரே என்று நினைத்தாள். உடனே, செங்குட்டுவனும் இதைத்தான் சொன்னார் என்பது நினைவுக்கு வந்தது. தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அப்பா கூப்பிடுவார். முன்னெல்லாம் ஒண்ணு ஐந்து ஆகும், ஒண்ணேகால் ஆகும், குக்கர் விசில் வரலை என்பார். இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளாக ஒரு நிமிஷம் தவறுவதில்லை. கிரேன்காரர் திருந்திவிட்டார் என்று முந்தாநாள்தான் கேலி செய்திருந்தாள்.

பட்டியலில் பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நொடி போதும். அவளால் முடியவில்லை. சுவரில் மணி பன்னிரண்டு ஐம்பத்து மூன்று.

"ஹெப்சிபா," என்றார் குமுதவல்லி மெதுவாக. அவரும் அழுதிருந்தார். "நான் மூடி மறைக்கச் சொல்லலைமா. ஆனா போன்ல ஒரு விளக்கைப் பார்த்தா ஜனங்களுக்குத் தெரியணும்? தாங்குவாங்களா? இப்போதைக்கு அணைச்சு வைக்கலாம். வீடு வீடா ஆள் அனுப்பிப் பக்குவமா சொல்லலாம். ரேகையை வைங்க."

நியாயமான பேச்சுதான். அதைவிடப் பெரிய ஆசை ஒன்று ஹெப்சிபாவுக்குள் எழுந்து நின்றது. இப்போது ரேகை வைத்தால், ஒரு மணிக்கு அப்பா விளக்கு இல்லாமல் கூப்பிடுவார். நாளைக்கும் கூப்பிடுவார். அவள் பட்டியலைப் பார்க்காமலே இருந்துவிடலாம். அடுத்த மாதம், அதற்கு அடுத்த மாதம் என்று எப்போதும்போல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம். அவள் விரல் கருவியின் கண்ணாடியைத் தொட்டேவிட்டது.

அப்ப நேத்து எங்கிட்ட பேசுனது யாரு மேடம்?

விரலை எடுத்துக்கொண்டாள்.

"அணைச்சா ஆள் அனுப்ப மாட்டோம் மேடம். நமக்கே தெரியும். அறிக்கை விடுவோம், கமிட்டி போடுவோம். இவங்க கதவுக்குப் பின்னாலயே கிடப்பாங்க." கட்டுப்பாட்டு அறைப் பக்கம் கை காட்டினாள். "காலிக் கட்டத்துல எல்லாம் அந்தந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன் பேரைப் போடச் சொல்லுங்க. இப்பவே. பேர் ஏறின நிமிஷம் தகவல் தானாப் போயிடும்."

குமுதவல்லி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதுக்காரி அப்படி ஓடி அந்த அலுவலகம் பார்த்ததில்லை.

மணி ஒன்று. ஹெப்சிபாவின் போன் அடித்தது.

'அப்பா' என்று இருந்தது. பக்கத்தில் விளக்கு எரிந்தது.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. நிற்கப் போகிற நேரத்தில் எடுத்தாள்.

"என்னட்டி, சாப்ட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"மணி ஒண்ணாச்சுல்லா? வேல வேலன்னு வயித்தக் காயப்போடாத."

அதே குரல். அதே இருமல். "நீங்க என்னப்பா சாப்ட்டீங்க?"

"எனக்கென்ன, ஒத்த ஆளு. எதாவது வச்சுக்கிடுவேன்."

பத்துப் பன்னிரண்டு நாளாக இதே பதில். அதற்குமேல் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்று கேட்டாள். "இன்னைக்கு என்ன வச்சீங்க?"

"அதான் சொல்லுதம்லா, எதாவது."

"எப்பா, இங்க வாரதுக்குக் கட்டுன பைய அவுத்துட்டீங்களா?"

"வியாழக்கெழம ராத்திரி கட்டுனேன். கருவாட்டத் தனியாச் சுத்தி வச்சேன், பஸ்ஸுல நாறும்லா. பொறவு நீ போன் போட்டு, வேலை இருக்குப்பா, அடுத்த மாசம் வாங்கன்னு சொன்ன. அதனால என்ன, வேலைன்னா வேலைதான." அப்பா சிரித்தார். "பெர்னத்துட்டதான் ரெண்டு வாரம் மக வீட்டுக்குப் போறேன்னு பெருமையாச் சொல்லிட்டு வந்துட்டேன். பால வேற நிறுத்தியாச்சு. காலைல போய்ச் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே படுத்தேன்."

"படுத்து?"

"படுத்து..." அப்பா யோசித்தார். இருமல்கூட இல்லை. "படுத்து, பொறவு ஒங்கூடப் பேசிட்டு இருக்கேன்."

ஹெப்சிபா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு பெர்னத் அக்கா, அண்ணாச்சி மகள் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மகள், அப்பா வீட்டில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளாக அந்தக் கதவை யாரும் தட்டவில்லை. வேண்டாம் என்று சொன்னது அவள்தான்.

"ஏட்டி, அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டியா? எட்டு மாசமாக் கேக்கேன். ஒரு கையெழுத்துக்கு இம்புட்டு யோசனையா?"

"போடுதேம்பா. இப்பமே போடுதேன்."

மெயிலைத் திறந்தாள். படிவம் அப்படியே இருந்தது. அப்பா கொட்டை எழுத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தார். ஒன்றுதான் காலி. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள், மகள் என்று எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். கண்ணீரில் எழுத்து கலங்கித் தெரிந்ததால் சரியாகத்தான் போட்டோமா என்று ஒருமுறை துடைத்துவிட்டுப் பார்த்தாள். அனுப்பினாள்.

அடுத்த நொடி காதோடு இருந்த போனில் மணி ஒலித்தது. செய்தி. பன்னிரண்டு நாளாக வரிசையில் நின்றுகொண்டிருந்த செய்தி.

'டேவிட் ஞானதிரவியம், வயது 71. நாடி நின்ற நேரம்: மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை 5.52. பொறுப்பாளர் உடனடியாக வீட்டுக்குச் செல்லவும்.'

"என்னட்டி, டிங்குன்னு சத்தம்?"

"ஒரு மெசேஜ்ப்பா."

"ஆபீஸா?"

"இல்லப்பா." அவள் எழுந்துவிட்டாள். பையை எடுத்தாள், கார் சாவியைத் தேடினாள், கையில்தான் இருந்தது. "எப்பா, நான் வாரேன். இப்பமே கெளம்புதேன்."

"இப்பமா? வேலை இருக்குன்ன?"

"முடிஞ்சிட்டுப்பா."

"நெசமாவா?" அப்பாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்பம் மெதுவா வா. அவசரப்படாத. வந்து கதவ நல்லாத் தட்டு, என்ன? நான் படுத்திருந்தா கேக்காது."